மழை பெய்தால் வாசல் கதவு ஷாக் அடிக்கிறது – 1973 மொபைல் ஹோம், சன்னிவேல்

செந்தில்_சன்னிவேல் | சனி, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடம் முன்பு கலிபோர்னியாவின் சன்னிவேலில் ஒரு மொபைல் ஹோம் பார்க்கில், 1973-ல் தொழிற்சாலையில் ஒரே துண்டாகச் செய்த சிங்கிள் வைட் வீடு ஒன்றை வாங்கினோம். இடத்துக்கு வாடகை, வீடு மட்டும் சொந்தம். இந்த ஊர் அப்பார்ட்மென்ட் வாடகையைப் பார்த்த பிறகு இது தேவலை என்று கணக்குப் போட்டு வந்தோம். வீட்டைச் சுற்றி வெளிப்பக்கம் முழுக்க அலுமினியத் தகடு.

மைக்ரோவேவ் ஓடும்போது ஹால் விளக்கு பளிச்சென்று கூடுகிறது. மங்கினால்கூடப் புரியும், இது கூடுகிறது. அதே நேரம் சமையலறை விளக்கு மங்குகிறது. மூன்று மாதத்தில் ஹாலில் மட்டும் நான்கு எல்.இ.டி. பல்பு போய்விட்டது. மட்டமான பல்பு என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் மழை. ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை (மாமியார்) வெறுங்காலோடு சிமென்ட் படியில் நின்று கதவைத் திறக்கப் போனவர், "சுர்ருன்னு இழுக்குது மாப்பிள்ளை" என்றார். ஊரிலிருந்து கொண்டுவந்த டெஸ்டரைக் கதவுச் சட்டத்தில் வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. அத்தைக்கு ஏற்கெனவே மூட்டுவலி, அதுதான் ஏதோ என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை செய்தித்தாள் எடுக்கப் போன எனக்கே அடித்தது.

ஸ்டெபிலைசர் ஒன்று வாங்கிப் போட்டால் சரியாகுமா? நல்லதாக ஏதாவது சொல்லுங்கள்.

ஸ்க்ரூடிரைவர் | சனி, இரவு 9:58

எர்த் சரியில்லை, அவ்வளவுதான். வீட்டு ஓரமாக நாலடி குழி தோண்டி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, கம்பியை இறக்கிவிட்டு தினம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். எங்கள் தாத்தா வீட்டில் அப்படித்தான். ஒருநாளும் ஷாக் அடித்ததில்லை.

ஃப்ரெஸ்னோ_ஒயர்மேன் | சனி, இரவு 10:12

தம்பி செந்தில், இதைப் படித்த கையோடு எழுந்து போய் வீட்டுக்குள் இருக்கிற பேனலில் மெயின் பிரேக்கரை ஆஃப் பண்ணுங்கள். மீதியை போன் வெளிச்சத்தில் படித்துக்கொள்ளலாம். வெளியே மீட்டரோடு நிற்கும் பெடஸ்டல் பெட்டியை ஈரத்தில் நின்று தொட வேண்டாம், அதிலும் கரண்ட் இறங்கியிருக்கலாம். வீட்டில் யாரும் தகட்டையோ கதவுச் சட்டத்தையோ வெறுங்காலோடு தொடக் கூடாது. எங்காவது பொசுங்கல் வாசனை வந்தால் எல்லோரும் வெளியே வந்து 911.

ஊரில் ஐ.டி.ஐ. முடித்தவன் நான். கலிபோர்னியாவில் 22 வருடமாக லைசென்ஸோடு இதே வேலை. நீங்கள் சொன்ன மூன்று அடையாளமும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. எல்லா விளக்கும் சேர்ந்து மங்கினால் லோடு அதிகம். ஒரு பக்கம் மங்கி மறுபக்கம் கூடினால் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர். நியூட்ரல் எங்கோ விட்டுக்கொண்டிருக்கிறது.

டெஸ்டரை நம்பாதீர்கள். அதற்குள் இருக்கும் நியான் குமிழ் எரிய அறுபது, எழுபது வோல்ட்டாவது வேண்டும். ஈரமான வெறுங்காலுக்கு இருபது வோல்ட்டே போதும். உங்கள் அத்தையின் கால்தான் உங்கள் வீட்டிலேயே நல்ல மீட்டர்.

ஸ்டெபிலைசர் வேண்டாம். குழியும் வேண்டாம், அதற்குக் காரணம் பிறகு சொல்கிறேன். இப்போதே பார்க் மேனேஜரின் அவசர நம்பருக்கும் மின் நிறுவனத்துக்கும் போன் போடுங்கள். "நியூட்ரல் போயிருக்கிறது, வீட்டுத் தகட்டில் ஷாக் அடிக்கிறது" என்று இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். விளக்கு மின்னுகிறது என்று மட்டும் சொன்னால் திங்கட்கிழமை வருவார்கள்.

செந்தில்_சன்னிவேல் | சனி, இரவு 10:31

அண்ணே, ஆஃப் பண்ணிவிட்டேன். குழந்தைகளைத் தூங்க வைத்தாச்சு. போன் போட்டேன், மின் நிறுவனத்தில் ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மேனேஜர் எடுக்கவில்லை.

இங்கே எழுதுவதற்கு முன்னால், சாயங்காலமே மல்டிமீட்டரில் சில அளவு எடுத்து வைத்திருந்தேன். ப்ளக் பாயிண்டில்தான் எடுத்தேன், பேனலைத் திறக்கவில்லை.

மைக்ரோவேவ் ஓடாதபோது: சமையலறை 118, ஹால் 124.
மைக்ரோவேவ் ஓடும்போது: சமையலறை 96, ஹால் 146.

மைக்ரோவேவ் ஓடும்போதே ஈரமண்ணில் நீளமான ஒரு ஸ்க்ரூடிரைவரைக் குத்தி, அதற்கும் கதவுச் சட்டத்துக்கும் நடுவே பார்த்தேன். 22 வோல்ட்.

ஃப்ரெஸ்னோ_ஒயர்மேன் | சனி, இரவு 10:55

கூட்டிப் பாருங்கள். 118-ம் 124-ம் 242. 96-ம் 146-ம் 242. கூட்டுத்தொகை மாறவில்லை, பங்கீடுதான் மாறுகிறது. இதைவிடத் தெளிவாக ஒரு வீடு தன் நோயைச் சொல்லாது.

இந்த நாட்டில் வீட்டுக்கு வருவது இரண்டு பேஸ் ஒயர், நடுவே ஒரு நியூட்ரல். பேஸுக்கும் பேஸுக்கும் 240, எந்தப் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 120. அந்த நடுக்கோட்டைப் பிடித்து வைத்திருப்பது நியூட்ரல் கனெக்‌ஷன்தான். அது தளர்ந்தால் நடுக்கோடு லோடு அதிகம் உள்ள பக்கம் நகரும். உங்கள் வீட்டில் மைக்ரோவேவ் பக்கம் 25 வோல்ட் நகர்ந்திருக்கிறது. அதனால் அந்தப் பக்கம் 96, ஹால் பக்கம் 146. பல்புகள் ஏன் செத்தன என்று இப்போது தெரிகிறதா? கடைக்காரர் பாவம்.

அடுத்து அந்த 22 வோல்ட். நடுக்கோடு நகர்ந்தது 25, கதவில் கிடைத்தது 22. கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படியென்றால் உங்கள் வீட்டுத் தகடும் அடியில் இருக்கும் இரும்புச் சட்டமும் நியூட்ரலோடு இணைந்திருக்கின்றன. அது இணையவே கூடாது. பெடஸ்டலிலிருந்து உங்கள் வீட்டுக்கு எத்தனை ஒயர் வருகிறது என்று எலக்ட்ரீஷியன் வந்ததும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று என்றுதான் நினைக்கிறேன். நான்கு இருக்க வேண்டும்.

இன்னொன்று. மைக்ரோவேவ் பத்துப் பன்னிரண்டு ஆம்பியர் இழுக்கும். 25 வோல்ட்டை 12 ஆம்பியரால் பெருக்கினால் 300 வாட். அவ்வளவு சூடும் எங்கோ ஒரு திருகாணியின் அடியில், ஒரு விரல்நுனி அளவு இடத்தில் இறங்குகிறது. பால் காய்ச்சும் ஒவ்வொரு தடவையும்.

ஈபி_குமரேசன் | ஞாயிறு, காலை 6:20

திருநெல்வேலியிலிருந்து. மின்வாரியத்தில் லைனில் இருந்து ஓய்வு பெற்றவன். அமெரிக்க ஒயரிங் எனக்குத் தெரியாது, ஆனால் நியூட்ரல் கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான். இங்கே மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால் தெருவில் சில வீடுகளுக்கு 230-க்குப் பதில் நானூறு பக்கமாக ஏறிவிடும். ஐந்து நிமிடத்தில் டிவி, ஃபிரிட்ஜ், மிக்ஸி எல்லாம் புகை. காற்றடித்த மறுநாள் ஆபீஸ் வாசலில் செத்த டிவியோடு வந்து நிற்பார்கள். அங்கே கூடிப்போனால் 240 என்கிறார் ஒயர்மேன் தம்பி. 120-க்குச் செய்த சாமானுக்கு அதுவும் எமன்தான்.

கரி, உப்பு சொன்ன நண்பருக்கு: அந்தக் குழியில் தப்பில்லை. ஆனால் தாத்தா வீட்டில் ஷாக் அடிக்காததற்குப் பாதிக் காரணம் தரை காய்ந்திருந்தது, மீதிக் காரணம் தாத்தா செருப்புப் போட்டிருந்தார்.

ஸ்க்ரூடிரைவர் | ஞாயிறு, காலை 8:05

சரி, குழியை விட்டுவிடுகிறேன். ஆனால் எர்த் ராடு அடித்தால் அந்த 22 வோல்ட் மண்ணுக்குள் போய்விடாதா? ஏன் கூடாது என்று காரணம் சொல்லாமல் கூடாது என்றால் எப்படி?

ஃப்ரெஸ்னோ_ஒயர்மேன் | ஞாயிறு, காலை 9:15

நியாயமான கேள்வி. மண்ணுக்குக் கரண்டை "உறிஞ்சும்" சக்தி எதுவும் கிடையாது. கரண்ட் புறப்பட்ட டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பப் பார்க்கும், அவ்வளவுதான். நல்ல ராடு ஒன்றுக்கு 25 ஓம் தடை என்று வையுங்கள். பேஸ் ஒயர் நேராக வீட்டுத் தகட்டில் ஒட்டினால் 120-ஐ 25-ஆல் வகுத்து 4.8 ஆம்பியர். 20 ஆம்பியர் பிரேக்கர் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. தகடு 120 வோல்ட்டில் அப்படியே நிற்கும், பிரேக்கரும் விழாது, ராடும் அங்கேயே இருக்கும். பிரேக்கர் விழ வேண்டுமென்றால் தகட்டிலிருந்து பெடஸ்டல்வரை தடையில்லாமல் திரும்பிப் போக ஒரு செம்போ அலுமினியமோ ஒயர் வேண்டும். நான் கேட்ட நான்காவது ஒயர் அதுதான். ராடு இடிக்காக, ஷாக்குக்காக அல்ல.

ஸ்க்ரூடிரைவர் | ஞாயிறு, காலை 9:22

ஜி.எஃப்.சி.ஐ. ப்ளக் போட்டால்?

ஃப்ரெஸ்னோ_ஒயர்மேன் | ஞாயிறு, காலை 9:40

குளியலறைக்கும் சமையலறைக்கும் கட்டாயம் போடலாம். ஐந்து மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும், நல்ல சாமான். ஆனால் அது தன் வழியாகப் போகும் பேஸையும் நியூட்ரலையும் மட்டும்தான் ஒப்பிட்டுப் பார்க்கும். செந்தில் வீட்டுக் கதவுக்கு வரும் கரண்ட் அந்த வழியாக வரவில்லை, மேலே நியூட்ரலிலிருந்து சுற்றி வருகிறது. பத்து ஜி.எஃப்.சி.ஐ. போட்டாலும் அத்தைக்கு அடிக்கும்.

செந்தில்_சன்னிவேல் | திங்கள், இரவு 8:30

நடந்தது இது. சனி இரவே மின் நிறுவன ஆள் வந்து அளந்துவிட்டு, "எங்கள் லைன் சரியாக இருக்கிறது, உள்ளே இருப்பது பார்க்குடையது" என்று பெடஸ்டலை ஆஃப் செய்து சிவப்பு அட்டை கட்டிவிட்டுப் போனார். ஞாயிறு முழுக்கக் கரண்ட் இல்லை. இந்தப் பார்க்கில் மின் நிறுவனத்திடமிருந்து மொத்தமாக ஒரே மீட்டரில் வாங்கி, பார்க்கே வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுக்கிறது. மேனேஜர் முதலில் "வீடு பழசு, உங்கள் பொறுப்பு" என்றார். சிவப்பு அட்டையின் படத்தை அனுப்பியதும் குரல் மாறியது.

இன்று காலை பார்க் சார்பில் எலக்ட்ரீஷியன் வந்து பெடஸ்டலைத் திறந்தார். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு கறுப்பு ஒயர், ஒரு நியூட்ரல், மொத்தம் மூன்றுதான். நியூட்ரல் மாட்டியிருந்த இடத்தில் அலுமினிய ஒயர் மேல் வெள்ளைப் பொடி, சுண்ணாம்பு பூசியது மாதிரி. அதற்கு மேலே இரண்டு அங்குலம் இன்சுலேஷன் கருகிச் சுருண்டு, நெருப்பில் வாட்டிய வாழைநார் மாதிரி இருந்தது. அவர் ஸ்க்ரூவில் கை வைக்கும் முன்பே ஒயர் தானாக ஆடியது.

அப்புறம் வீட்டுக்குள் பேனலைத் திறந்தார். நியூட்ரல் பட்டையிலிருந்து பேனல் பெட்டிக்கு ஒரு பச்சை ஸ்க்ரூ இறுக்கியிருந்தது. அவர் அதைக் காட்டி, "இதுதான் உங்கள் கதவு" என்றார்.

ஃப்ரெஸ்னோ_ஒயர்மேன் | திங்கள், இரவு 9:10

அதேதான். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தவறை நல்ல எலக்ட்ரீஷியன்கள்கூடச் செய்வார்கள்.

சாதாரண வீட்டில் மெயின் பேனலில் நியூட்ரலும் எர்த்தும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும், அந்தப் பச்சை ஸ்க்ரூ அதற்குத்தான். மொபைல் ஹோமில் மெயின் என்பது வெளியே நிற்கும் பெடஸ்டல். வீட்டிலிருந்து 30 அடிக்குள், கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்பது மின் விதி. நியூட்ரலும் எர்த்தும் சந்திக்க வேண்டிய ஒரே இடமும் அந்தப் பெடஸ்டல் பக்கம்தான். வீட்டுக்குள் இருப்பது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சப்-பேனல், அதாவது துணைப் பெட்டிதான். அங்கே நியூட்ரல் பட்டை பெட்டியைத் தொடாமல் தனியாக நிற்க வேண்டும், எர்த் பட்டை தனி. அடிச்சட்டமும் வெளித்தகடும் எர்த்தோடு மட்டும் சேரும்.

சாதாரண வீடுகளில் பழக்கப்பட்ட ஒருவர் மொபைல் ஹோம் பேனலைப் பார்த்து "அடடா, பச்சை ஸ்க்ரூவைக் காணோமே" என்று நல்ல மனதோடு ஒன்றை இறுக்கிவிட்டுப் போவார். அன்று எதுவும் நடக்காது. முப்பது வருடம்கூட எதுவும் நடக்காமல் இருக்கலாம். நியூட்ரல் தளர்கிற அன்றுதான் வீடே கம்பியாகும். மர வீடென்றால் பல்பு போவதோடு நின்றிருக்கும். இது தகர டப்பா, ஈர மண்ணில் நின்று தொடுகிறோம்.

துணி உலர்த்தும் டிரையரும் அடுப்பும் எலக்ட்ரிக்காக இருந்தால் அவற்றின் பின்பக்கமும் பார்த்துவிடுங்கள். மற்ற வீடுகளில் 1996 விதிவரை மூன்று முனை டிரையர் ப்ளக்கை அனுமதித்தார்கள், அதில் நியூட்ரலையும் டிரையரின் உலோக உடம்பையும் ஒரு சின்னத் தகட்டுப் பட்டை இணைத்திருக்கும். மொபைல் ஹோமுக்கு அது ஆகாது. நான்கு முனை ப்ளக், அந்தப் பட்டையைக் கழற்றியிருக்க வேண்டும். பழைய டிரையரை யாரிடமாவது வாங்கி வந்து மாட்டினால் பேனலில் நாம் சரிசெய்து முடித்த தப்பு டிரையர் வழியாக மறுபடி உள்ளே வரும்.

மீனா_டென்வர் | செவ்வாய், காலை 7:45

இந்த இழையைப் படித்துத் தூக்கம் போய்விட்டது. என் தம்பி இங்கே டென்வர் பக்கம் 1970-ல் செய்த டபுள் வைட் (இரண்டு பாதியாகச் செய்து இணைத்த மொபைல் ஹோம்) ஒன்றைப் பேசி முடிக்கப் போகிறான். வீட்டைப் பரிசோதித்தவர் "அலுமினியம் ஒயரிங்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கிறார். விற்பவர் "அந்தக் காலத்தில் எல்லாம் அப்படித்தான்" என்கிறார். நான் தேடியதில் தீ ஆபத்து 55 மடங்கு என்று ஒரு எண் வருகிறது. வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?

கணக்குப்பிள்ளை | செவ்வாய், காலை 8:10

அக்கா, வேண்டாம் என்றே சொல்லுங்கள். 1976 ஜூன் 15-க்கு முன்னால் செய்த மொபைல் ஹோமுக்கு எஃப்.எச்.ஏ. என்ற அரசு அமைப்பின் கடன் உத்தரவாதம் கிடையாது. அந்தத் தேதியில்தான் மத்திய வீட்டுவசதித் துறையான எச்.யு.டி.யின் நாடு தழுவிய கட்டுமான விதி நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின்னால் செய்த வீட்டின் ஒவ்வொரு பகுதியிலும் வெளியே சின்னச் சிவப்பு உலோகத் தகடு அடித்திருக்கும். தகடு இல்லாத வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுப்பதும் பெரும்பாடு. மலிவு என்று வாங்குவதை விற்கும்போது வாங்க ஆள் இருக்காது.

ஃப்ரெஸ்னோ_ஒயர்மேன் | செவ்வாய், இரவு 7:30

கணக்குப்பிள்ளை சொன்னதில் பணம் சம்பந்தப்பட்டது சரி. ஆனால் ஒயரிங்கை வைத்து மட்டும் "ஓடு" என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்த 55, அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. 1972-க்கு முன் தயாரான அலுமினிய ஒயர் போட்ட வீட்டில், ப்ளக் பாயிண்ட் இணைப்பு ஒன்றாவது தீப்பிடிக்கும் நிலைமைக்குப் போக வாய்ப்பு செம்பு வீட்டைவிட 55 மடங்கு என்பதுதான் அதன் பொருள். 55 மடங்கு வீடுகள் எரிந்தன என்று பொருளில்லை. பயப்பட வேண்டிய எண்தான், ஆனால் அது இணைப்பைப் பற்றியது, ஒயரின் நீளத்தைப் பற்றியதல்ல. சுவருக்குள் நடுவழியில் அலுமினியம் சும்மாதான் கிடக்கிறது. ஸ்க்ரூவின் அடியில்தான் வம்பு.

அறுபதுகளின் நடுவில் செம்பு விலை ஏறியதால் 1973 வாக்கில் வரை 15, 20 ஆம்பியர் சர்க்யூட்டுகளுக்கும் அலுமினியம் இழுத்தார்கள். சூடேறினால் செம்பைவிட அதிகம் விரியும். ஸ்க்ரூ அழுத்த அழுத்த நசுங்கிக்கொண்டே போகும், திரும்ப எழும்பாது. காற்றுப் பட்டால் மேலே ஓர் ஆக்ஸைடு படலம் வரும், அது கரண்டைக் கடத்தாது. இந்த மூன்றும் சேர்ந்து ஒவ்வொரு வருடமும் பிடி கொஞ்சம் தளரும், சூடு கொஞ்சம் ஏறும்.

ஆணையம் ஏற்றுக்கொண்ட வழிகள் மூன்றுதான். மொத்தமாகச் செம்பு மாற்றுவது, கோபாலம் என்ற அழுத்து இணைப்பு, அலுமிகான் என்ற திருகு இணைப்பு. கோபாலத்துக்குத் தனிக் கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். கடையில் ஊதா நிறத்தில் தொப்பி மாதிரி விற்கும் கனெக்டரை ஆணையம் பரிந்துரைப்பதில்லை. சி.ஓ./ஏ.எல்.ஆர். என்று அச்சிட்ட ப்ளக், ஸ்விட்ச் மாற்றுவதும் அரைகுறை வேலை என்றுதான் சொல்கிறது, ஏனென்றால் கூரை விளக்கு போன்ற மற்ற இணைப்புகள் அப்படியே இருக்கும்.

இப்போது மொபைல் ஹோமில் இருக்கும் சிக்கல். சுவர் மெல்லிசு. பலவற்றில் ப்ளக் பாயிண்டுக்குப் பின்னால் பெட்டியே கிடையாது. அலுமிகான் வைக்க இடம் எங்கே? ஒவ்வொரு இடத்திலும் சுவரை வெட்டிப் புதிதாகப் பெட்டி வைக்க வேண்டும். அந்தச் செலவைப் பார்த்தால் பல தடவை புது ஒயர் இழுப்பதே மலிவாக வருகிறது. ஆகவே தம்பியிடம் சொல்லுங்கள்: முழு ஒயரிங் மாற்றும் விலையை ஒரு எலக்ட்ரீஷியனிடம் எழுதி வாங்கி, வீட்டு விலையில் அதைக் கழிக்கச் சொல்லட்டும். கழிக்க மாட்டேன் என்றால் அப்போது ஓடலாம்.

செந்தில்_சன்னிவேல் | செவ்வாய், இரவு 8:15

பின்னால் பெட்டி கிடையாதா? இப்போதே போய்ப் பார்க்கிறேன். (பெடஸ்டல் இன்னும் ஆஃப்தான், பயப்படாதீர்கள். மெழுகுவர்த்தியில்தான் வாழ்கிறோம்.)

செந்தில்_சன்னிவேல் | செவ்வாய், இரவு 9:02

கழற்றினேன். உண்மையிலேயே இல்லை. மூடியை எடுத்தால் முன்பக்கமும் பின்பக்கமும் ஒட்டிய பிளாஸ்டிக் கட்டி ஒன்றுதான், இரண்டு காதுகளால் மரப்பலகையைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. கேபிளை வெட்டாமல், தோல் உரிக்காமல் அப்படியே வைத்து அமுக்கியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் பல் போன்ற தகடுகள் இன்சுலேஷனைக் கிழித்துக்கொண்டு செம்பைத் தொடுகின்றன. நல்லவேளை, செம்பு. ஹீட்டர் செருகும் பாயிண்டில் மட்டும் பின்பக்கம் பழுப்பேறி, பலகையில் ஓர் அரையணா அளவு கருகியிருக்கிறது. அந்த ப்ளக் எப்போதும் கொஞ்சம் லூஸாகத்தான் இருக்கும். நான் இரண்டு வருடமாகக் காகிதம் மடித்துச் செருகி வைத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஃப்ரெஸ்னோ_ஒயர்மேன் | செவ்வாய், இரவு 9:20

வெட்கம் எதற்கு, நான் பார்த்ததில் பாதி வீட்டில் அந்தக் காகிதம் உண்டு.

தொழிற்சாலையில் நிமிடக் கணக்கில் மாட்டுவதற்காகச் செய்த சாமான் அது. விதியில் அனுமதி உண்டு, புதிதாக இருக்கும்போது வேலையும் செய்யும். ஆனால் ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், ஏ.சி. என்று ஆம்பியர் இழுக்கிற சாமான்களுக்கு ஐம்பது வருடம் கழித்து அந்தப் பற்களை நம்பக் கூடாது. அவற்றை மட்டுமாவது முதலில் மாற்றுங்கள்: மெல்லிய பெட்டி, ஸ்க்ரூ வைத்த நல்ல ப்ளக். கருகிய இடத்தில் ஒயர் நுனியை வெட்டிவிட்டுப் பளபளக்கும் செம்பு தெரிகிற இடத்திலிருந்து தொடங்க வேண்டும். மீதியைப் பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று மாற்றினாலும் பரவாயில்லை. அதுவரை ஸ்பேஸ் ஹீட்டர் அங்கே செருகக் கூடாது.

மீனா_டென்வர் | புதன், காலை 7:10

அண்ணா, மிக்க நன்றி. இன்னும் ஒன்று. வீட்டு அடியில் தண்ணீர்க் குழாயைச் சுற்றி ஒரு நாடா மாதிரி ஒயர் சுற்றியிருக்கிறது. குளிருக்கு என்கிறார்கள். ஒயரிங்கில் இது சேருமா?

ஃப்ரெஸ்னோ_ஒயர்மேன் | புதன், பகல் 12:40

சேரும், அம்மா. ஹீட் டேப். கலிபோர்னியாவில் அதிகம் தேவைப்படாது என்பதால் நான் மறந்துவிட்டேன், உங்கள் ஊரில் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். தன் மேல் தானே ஏறிச் சுற்றியிருந்தால் அந்த இடம் பொசுங்கும். உறை வெடித்திருந்தாலோ எலி கடித்திருந்தாலோ பேச்சே இல்லை, தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள். தயாரித்தவர் அனுமதிக்காமல் மேலே பஞ்சு, துணி சுற்றக் கூடாது. செருகும் பாயிண்ட் ஜி.எஃப்.சி.ஐ.யாக இருக்கட்டும்.

டபுள் வைட் என்பதால் இன்னொன்று: இரண்டு பாதியையும் இணைக்கும் ஒயர் அடிவயிற்றில்தான் போகும். பாதி வீட்டில் மட்டும் விளக்கு மினுக்கினால் பேனலைக் குற்றம் சொல்வதற்கு முன் குனிந்து அந்த இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

செந்தில்_சன்னிவேல் | வெள்ளி, இரவு 9:15

பார்க் புதுப் பெடஸ்டல் வைக்கிறது, 50 ஆம்பியருக்குப் பதில் 100. பெடஸ்டலிலிருந்து வீடு வரை ஒயர் என் செலவு என்று கணக்குத் தீர்ந்தது. எலக்ட்ரீஷியன் கொண்டு வந்த கேபிள் உருளையைப் பார்த்தேன். நான்கு ஒயர், சரி. ஆனால் எல்லாம் அலுமினியம்! மீனா அக்காவுக்கு நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நான் எப்படி இதைப் போடச் சொல்வது?

ஃப்ரெஸ்னோ_ஒயர்மேன் | வெள்ளி, இரவு 9:40

போடச் சொல்லுங்கள். இவ்வளவு எழுதி உங்களைப் பயமுறுத்திவிட்டேன் போலிருக்கிறது. அந்த கேபிளுக்குக் கடையில் பெயரே "மொபைல் ஹோம் ஃபீடர்"தான். வம்பு செய்தது பழைய கலவையில் செய்த, ப்ளக் பாயிண்டுக்குப் போகும் மெல்லிய ஒற்றைக் கம்பி. இது தடித்த, பல இழை, இன்றைய கலவை. அலுமினியத்துக்கென்றே செய்த முனையில் உட்காரும். இன்றும் பெரிய ஃபீடர்களில் இது சாதாரணம். நுனியைத் தேய்த்து, ஆக்ஸைடு தடுக்கும் பசை தடவி, குறிப்பிட்ட இறுக்கத்துக்கு டார்க் கருவி வைத்துத் திருகுகிறாரா என்று மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். கை அளவில் இறுக்குகிறேன் என்றால் காபி கொடுத்து உட்கார வைத்துவிட்டு வேறு ஆளைக் கூப்பிடுங்கள். உங்கள் பழைய நியூட்ரலையும் யாரோ ஒருவர் கை அளவில்தான் இறுக்கியிருப்பார்.

பச்சை ஸ்க்ரூ வெளியே. அடிச்சட்டத்துக்கு 8-ஆம் நம்பர் செம்பு ஒயர் எர்த் பட்டையிலிருந்து.

ஸ்க்ரூடிரைவர் | வெள்ளி, இரவு 10:05

பெர்மிட் எல்லாம் எடுத்தீர்களா? சுவருக்குள் நடப்பது யாருக்குத் தெரியப் போகிறது.

கணக்குப்பிள்ளை | வெள்ளி, இரவு 10:20

தீப்பிடித்தால் இன்சூரன்ஸ்காரருக்குத் தெரியும்.

செந்தில்_சன்னிவேல் | வெள்ளி, இரவு 10:32

எடுத்தாச்சு. நான் முதலில் நகராட்சிக்குப் போய் வரிசையில் நின்றேன். மொபைல் ஹோமில் மாற்றம் செய்ய இங்கே மாநில வீட்டுவசதித் துறைதான், எச்.சி.டி., என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கலிபோர்னியாவில் இருப்பவர்கள் என்னை மாதிரி அரை நாள் வீணாக்க வேண்டாம்.

கேட்க மறந்தேன் அண்ணே, 100 ஆம்பியர் வந்துவிட்டது. எலக்ட்ரிக் கார் சார்ஜர் ஒன்று மாட்டலாமா?

ஃப்ரெஸ்னோ_ஒயர்மேன் | வெள்ளி, இரவு 10:41

தம்பி, இத்தனை நாள் மெழுகுவர்த்தியில் உட்கார்ந்திருந்ததை அதற்குள் மறந்தாச்சா? முதலில் லோடு கணக்குப் போடச் சொல்லுங்கள். அடுப்பும் ஹீட்டரும் கேஸ் என்றால் சின்னதாக ஒன்று தாங்கலாம். கணக்கு வருவதற்கு முன் வாங்கி வைக்க வேண்டாம்.

செந்தில்_சன்னிவேல் | அடுத்த வியாழன், இரவு 8:50

முடிந்தது. ஆய்வாளர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டார். மைக்ரோவேவ் ஓடும்போது சமையலறை 119, ஹால் 121. கதவுக்கும் ஈரமண்ணுக்கும் நடுவே மீட்டர் சுழியத்தில் நிற்கிறது. டிரையர் பின்னால் அந்தப் பட்டை இருந்தது, கழற்றி நான்கு முனை ப்ளக் மாட்டியாச்சு. ஹீட்டர் பாயிண்ட் மாற்றினேன். சமையலறையில் இன்னும் மூன்று பாக்கி.

இன்று சாயங்காலம் நல்ல மழை. அத்தையிடம் "இப்போ தொடுங்க, ஒண்ணும் ஆகாது" என்றேன். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் கதவைத் திறந்தார்.